பொருந்தும் என்று பெட்டியில் இருந்தது

நாளைக் காலை பத்தரைக்குக் குறும்பனைக் கோயிலில் கல்யாணம்.
இப்போது மணி பதினொன்று இருபது.
கருங்கல் சந்தைக்கு எதிர்மாடியில்
ஃபிளாஷைக் கேமராவின் தலையில் மாட்டுகிறேன், கழற்றுகிறேன்,
மாட்டுகிறேன்.
எரியவில்லை.

தனியாகப் பிடித்து அதன் சிவப்புப் பொத்தானை அழுத்தினால்
அறையே ஒரு கணம் வெளுக்கிறது.
உயிர் இருக்கிறது.
பழைய கேமராவில் வைத்தாலும் எரிகிறது.
புதியதில் வைத்தால் மட்டும்
பெண் பார்க்க வந்து பலகாரம் தொடாத தாய்மாமன்போல
இறுகி உட்கார்ந்திருக்கிறது.

ரெஜினைக் கூப்பிட்டேன். மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
அவனிடம்தான் வாங்கினேன், நாலாயிரத்து இருநூறுக்கு.
"கம்பெனி ஃபிளாஷ் இருவத்தெட்டாயிரமாக்கும் ஷைனி,
வெளிச்சம் ரெண்டும் ஒண்ணுதான்.
காலை ஒண்ணு தொடச்சுப் பாரு."
பாதித் தூக்கத்தில் சொன்னான்.

காலில் ஐந்து புள்ளிகள்.
நடுவில் இருக்கும் பெரியது "எரி" என்று மட்டும் சொல்லும்.
சுற்றிலும் உள்ள சின்னவைதான் பேசிக்கொள்ளும்:
எவ்வளவு தூரம், எவ்வளவு வெளிச்சம், என்ன லென்ஸ்.
கம்பெனிக்குக் கம்பெனி பேச்சு வேறு.
இதுவோ அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்டுப் படித்தது,
களியக்காவிளையில் செவ்வாழை விற்கிறவர்
இரண்டு மொழியிலும் விலை சொல்வதுபோல.
விலைவரைக்கும் சரி.
சண்டை வந்தால் ஒரு மொழிதான் வரும்.

ரப்பர் தேடினேன்.
குலசேகரத்தில் பால்வெட்டு மரங்களுக்கு நடுவே பிறந்தவள்,
அழிக்கிற ரப்பர் ஒன்று கையில் இல்லை.
மகளின் பென்சில் பெட்டியில்
ஸ்ட்ராபெரி வாசனையோடு ஒரு துண்டு கிடைத்தது.
தேய்த்தேன். புள்ளிகள் பளபளத்தன. எரியவில்லை.
நாலு பேட்டரியும் புதிது. எரியவில்லை.
கேபிளைச் செருகி, புது மென்பொருளை இறக்கி,
நூறு சதவிகிதம் ஆகும்வரை மூச்சைப் பிடித்து உட்கார்ந்தேன்.
அந்நேரம் கரண்ட் போகாததே பெரிய காரியம்.
எரியவில்லை.

ஒன்றரை மணிக்கு,
முகத்தைப் பார்த்துத் திட்டலாம் என்று கேமராவைத் திருப்பினால்
திரையின் ஓரத்தில் மின்னல் குறி
சாம்பல் நிறத்தில் நிற்கிறது.
அதன் பக்கத்தில் கடுகளவில் இன்னொரு குறி.
சத்தமில்லா ஷட்டர்.

முந்தாநாள், மிடாலம்.
கடலுக்குப் போன சூசைமரியானின் அடக்கம்.
பெட்டியை மூடும்முன் ஒரு படம் வேண்டும் என்றார்கள்.
அவர் மனைவி ததேயம்மாள் அழவில்லை.
அவள் முன்னால் டக் டக்கென்று கேட்கக் கூடாதே என்று
நான்தான் கேமராவின் வாயை அடைத்தேன்.
திறக்க மறந்தேன்.

வாயை அடைத்தால் இந்தக் கேமரா
எந்த ஃபிளாஷையும் எரிய விடாது,
சொந்தக் கம்பெனி, அடுத்த கம்பெனி என்ற பேதமில்லை.
இரண்டு நாளாய் அது துக்கம் காத்தது என்று சொல்லலாம்.
சொல்ல மாட்டேன்.
மெனுவில் மூன்றாம் பக்கம், ஏழாவது வரி. அவ்வளவுதான்.

மாற்றி அழுத்தினேன்.
டக். பளீர்.
பல்லி ஓடி டியூப்லைட்டுக்குப் பின்னால் ஒளிந்தது.

ஆனாலும் முழுசாகப் பொருந்தவில்லை.
தானாக அளக்கச் சொன்னால் நெற்றியெல்லாம் சுண்ணாம்பு.
இருநூறுக்கு மேல் வேகம் வைத்தால்
படத்தில் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை,
மழைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிய பஸ் ஜன்னல்போல.
நடுப்புள்ளியை மட்டும் நம்ப வேண்டியதுதான்.
மீதிக் கணக்கு என்னுடையது.

மாஸ்கிங் டேப்பில் எழுதி அதன் முதுகில் ஒட்டினேன்:
ஏழடிக்குப் பதினாறில் ஒன்று.
பத்தடிக்கு எட்டில் ஒன்று.
சாமியார் முறைத்தால் அணை.

காலையில் தாலி ஏறும்போது ஒன்றுகூடத் தப்பாமல் எரிந்தது.
பதினேழு படம்.
பதினேழிலும் மணப்பெண் கண்ணை மூடியிருந்தாள்.
அதற்கு ரெஜினைக் கூப்பிட முடியாது.